பூட்டு மாறிப்போச்சு!

"தம்பி, எங்க வூட்டுக் கடன் கணக்க ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்டச் சொல்லி உங்ககிட்ட யாரு கேட்டது?"

2024 பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். ஹலோகூடக் கிடையாது. எடுத்ததும் இந்தக் கேள்விதான். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது போனை வைக்கவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை.

கதை இதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் டி.வி.யில் மூழ்கிக்கொண்டே இருந்தன. எங்கள் மீஞ்சூருக்கு வடக்கே, ஏரிக்கரையில் வலையும் படகும் போனவர்கள் அவ்வளவாக டி.வி.யில் வரவில்லை. அப்போது சில என்ஜினீயரிங் மாணவர்கள் கிளம்பினார்கள். கட்டற்ற மென்பொருள் மேல் பித்துப் பிடித்த பிள்ளைகள். பத்து பைசா வாங்காமல் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு சாஃப்ட்வேர் எழுதினார்கள். குப்பம் குப்பமாகப் போவது, யார் வீட்டில் என்ன சேதம் என்று போனிலேயே பதிவது, உதவ நினைக்கிறவர்களுக்கு அந்தப் பட்டியலைக் காட்டுவது. நல்ல பசங்க. இப்பவும் சொல்கிறேன், நல்ல பசங்க. அவர்கள் பெயரையோ காலேஜ் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை.

"சார், நீங்க பி.காம்.தானே? படிவத்துல என்னென்ன கேக்கணும்னு சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து என் டிகிரியை ஒருத்தர் மதிக்கிறார் என்றதும் எனக்குக் கால் தரையில் இல்லை. சொத்து, சேதம், வருமானம் என்று கட்டம் கட்டிக் கொடுத்தேன். கடைசியில், "கடன் எவ்வளவு? யாரிடம்?" என்றொரு கட்டத்தைச் சேர்க்கச் சொன்ன மேதாவியும் நானேதான். பேலன்ஸ் ஷீட் என்றால் இரண்டு பக்கமும் வேண்டாமா!

அக்கா நம்பிச் சொன்னார். ஐஸுக்கும் டீசலுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுக்கும் வியாபாரி ஒருவர். அவருக்குத் தெரியாமல் மகள் கல்யாணத்துக்காக இன்னொரு வியாபாரியிடம் வாங்கியது ஒரு தொகை. மீனவர் வீட்டுக் கடன் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்பணம் வாங்கினால் பிடிக்கிற இறாலை அவருக்கே போட வேண்டும். எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் அது. இரண்டு பேரிடம் வாங்கியிருப்பது தெரிந்தால் இரண்டு பக்கமும் அடி.

பட்டியலின் லிங்க் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. சுற்றிச் சுற்றி முதல் வியாபாரியின் போனுக்கும் வந்தது. மறுநாள் காலை தெருவே கேட்கிற மாதிரி வாசலில் வந்து நின்றார், "என் கணக்கை முடிச்சுட்டு மறு வேலை பாரு" என்று.

நான் பசங்களைத் தேடிப் போனேன். ஒருத்தன் ரொம்ப நிதானமாகச் சொன்னான்: "சார், நம்ம கொள்கையே ஓப்பன்னஸ் சார். கோட் ஓப்பன், டேட்டா ஓப்பன். மூடி வெச்சா நமக்கும் மத்தவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

சரி, கொள்கை என்றால் கொள்கை. "அப்ப ஒண்ணு பண்ணுப்பா. வந்த பொருளை முதல்ல எந்தக் குப்பத்துக்குக் கொடுக்கறதுன்னு மீட்டிங் போட்டு முடிவு பண்ணீங்களே, அந்த மினிட்ஸைக் காட்டு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அது... இன்டர்னல் டாக்குமென்ட் சார்."

கேட்டீர்களா? பிள்ளைகளுக்குப் பூட்டத் தெரியாமல் இல்லை. ஜோராகத் தெரிகிறது. பூட்டத்தான் மாற்றிப் பூட்டிவிட்டார்கள். அக்காவின் கடன் நடுத்தெருவில். இவர்கள் எடுத்த முடிவு பீரோவுக்குள்.

இந்த ஊரில் பாதித் தகராறு இந்தப் பூட்டு மாற்றத்தால் வருகிறது என்பது என் கட்சி. ஒளிவுமறைவில்லாமல் இருக்க வேண்டியது முடிவெடுக்கிறவர்களின் காரியம். மறைந்திருக்க உரிமையுள்ளது முடிவுக்கு ஆளாகிறவர்களின் வாழ்க்கை. நடைமுறையில் பார்த்தால் நேர் எதிர். அதிகாரம் உள்ளவன் "பிரைவசி" என்கிறான். இல்லாதவனைப் பார்த்து "வெளிப்படைத்தன்மை வேணும்ப்பா" என்கிறான்.

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு கேஸ் நினைவிருக்கும். வங்கிச் சட்டப் பாடத்தில் வரும் டூர்னியே வழக்கு, 1924, இங்கிலாந்து. டூர்னியே ஒரு சாதாரண ஆசாமி. பேங்க்கில் ஒன்பது பவுண்டுச் சொச்சம் ஓவர்டிராஃப்ட். பேங்க் மேனேஜர் அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு போன் போட்டார். பேச்சுவாக்கில், "இந்த ஆள் சூதாடுகிறவர்களிடம் பணம் கட்டுகிறார் போலிருக்கிறது" என்றும் சொல்லிவிட்டார். வேலை போச்சு. கோர்ட் பேங்க்கைப் பிடித்து உலுக்கியது. வாடிக்கையாளரின் கணக்கைக் காப்பது வங்கியின் கடமை என்றும், அதை எப்போது மீறலாம் என்பதற்கு நான்கே நான்கு விலக்குகள் என்றும் அன்றைக்குச் சொன்னது நூறு வருஷம் தாண்டியும் பாடமாக இருக்கிறது.

ஆனால் அதே பேங்க் தன்னுடைய பேலன்ஸ் ஷீட்டை ஊரறிய வெளியிட்டாக வேண்டும். டைரக்டர்கள் யார், எவ்வளவு லாபம், எவ்வளவு வாராக்கடன், எல்லாம். "எங்கள் வாடிக்கையாளரின் ரகசியம் போலவே எங்கள் லாப நஷ்டமும் ரகசியம்" என்று எந்த பேங்க்காவது சொன்னால் சிரிப்பீர்களா மாட்டீர்களா? கடன்காரர் பட்டியல் உள்ளே, கணக்குச் சுருக்கம் வெளியே. இந்தப் பாடத்தில் அறுபத்திரண்டு மார்க் வாங்கிய நானே அந்தக் கட்டத்தைச் சேர்த்தேன் என்பதுதான் கொடுமை.

இதற்கு லண்டன்வரை போயிருக்கவே வேண்டாம். பழவேற்காடு ஏரியில் தலைமுறைகளாக 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்று ஊரும் பேர்பெற்றவை அதற்கு. இறால் நிறையக் கிடைக்கும் இடம் கொஞ்சம், வலை போட ஆசைப்படுகிறவர்கள் அதிகம். விட்டால் அடிதடிதான். ஆகவே தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் கூடுவார்கள். சீட்டுப் போட்டு எடுத்து, யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று பிரித்துக்கொள்வார்கள். தலைக்கட்டில் யார் யார் பெயர் இருக்கிறது, யாருக்கு எந்தச் சீட்டு விழுந்தது, எல்லாம் கூட்டத்துக்கு நடுவில். 'இன்டர்னல் டாக்குமென்ட்' என்று சீட்டை மடித்து ஜோபியில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே கூட்டத்தில் ஒருத்தரைப் பார்த்து, "உனக்கு வியாபாரிகிட்ட எவ்ளோ கடன்?" என்று கேட்க மாட்டார்கள். சீட்டு ஊர்ச் சமாசாரம், கடன் வீட்டுச் சமாசாரம். அந்த வித்தியாசத்தை யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை.

உடனே பாடு முறையைத் தலையில் வைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பட்டியலில் பெண்களுக்கு இடமில்லை. அதே ஏரியை நம்பியிருக்கிற தலித் மக்களுக்கும் இருளர்களுக்கும் இடமில்லை. அது நியாயமும் இல்லை. ஆனால் பட்டியல் வெளியே இருப்பதால்தான், "இதில் நாங்கள் ஏன் இல்லை?" என்று அவர்களால் கேட்க முடிகிறது. பீரோவுக்குள் இருக்கிற பட்டியலோடு யாரால் சண்டை போட முடியும்?

இப்போது பசங்களின் சொந்த வீட்டுக்கே போகிறேன். கட்டற்ற மென்பொருள் உலகத்தில் டெபியன் என்று ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. 1993ல் ஆரம்பித்தது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டுகிற ஆபரேட்டிங் சிஸ்டம். உங்களுக்குச் சம்பந்தமில்லை என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். 2011ல் தமிழ்நாடு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, அதில் விண்டோஸோடு கூடவே பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. அதற்கு அடிப்படை டெபியன்தான். உங்கள் வீட்டுப் பரணில்கூட ஒன்று கிடக்கலாம்.

1997ல் டெபியன்காரர்கள் ஒரு சமூக ஒப்பந்தம் எழுதினார்கள். அதில் ஒரு வாக்குறுதி, கோளாறுகளை மறைக்க மாட்டோம் என்பது. எழுதியதோடு விடவில்லை. 2006ல் அவர்களில் ஒருவர் செய்த சின்னத் திருத்தத்தால், கம்ப்யூட்டர்கள் தமக்குத்தாமே உருவாக்கிக்கொள்ளும் ரகசியச் சாவிகள் பல்லிளித்துவிட்டன. எண்ணிலடங்காத விதங்களில் அமைய வேண்டிய சாவி, ஒவ்வொரு வகையிலும் சுமார் 32,000 விதங்களுக்குள் அடங்கிவிட்டது. ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம். ஒன்றரை வருடத்துக்கும் மேல் யாரும் கவனிக்கவில்லை. 2008ல் தெரிந்தது. மே 13ஆம் தேதி அவர்களே உலகத்துக்கு அறிவித்தார்கள்: தப்பு எங்களுடையது, பழைய சாவிகளைத் தூக்கிப் போடுங்கள் என்று. மானம் போனதுதான். ஆனால் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது முதல் நாளிலிருந்தே பொதுவில் பதிவாகி இருந்தது. இதற்குப் பெயர் ஓப்பன்னஸ்.

அந்த டெபியனுக்கே ஒரு பூட்டிய அறை உண்டு. உறுப்பினர்கள் மட்டும் எழுதிப் படிக்கிற உள் கடிதங்கள். லீவில் போகிறேன் என்பதிலிருந்து சொந்தத் தொல்லைகள், மனஸ்தாபங்கள் வரைக்கும் அங்கே போகும். "மறைக்க மாட்டோம்னு எழுதிட்டு நாமே மறைக்கலாமா?" என்று குரல் எழுந்தது. 2005ல் ஓட்டெடுத்தார்கள். மூன்று வருஷம் பழசான கடிதங்களைச் சில விலக்குகளோடு வெளியிடுவது என்று தீர்மானம். தீர்மானம் ஜோராக நிறைவேறியது. காரியம்? பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் நடக்கவில்லை. மூட்டை மூட்டையாகக் கடிதங்கள். எழுதியவர்களின் சம்மதம், நடுவில் பேர் அடிபடுகிறவர்களின் நிலைமை, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். சம்பளமில்லாத வேலையில் அதற்கு யார் உட்காருவது? உள்ளே என்று நம்பி எழுதியதை, பிறகு வந்தவர்கள் ஓட்டுப் போட்டு வெளியே தூக்கிப் போடலாமா என்றும் ஒரு கேள்வி.

கடைசியில் 2016ல் இன்னொரு ஓட்டெடுப்பு நடத்தி, பழைய தீர்மானத்தையே ரத்து செய்தார்கள். உள் கடிதங்கள் உள்ளேயே இருக்கும். ஆனால் கூடவே ஒரு வரி சேர்த்தார்கள், அந்த வரிதான் எனக்குப் பிடித்தது: வெளியே சொல்லக்கூடாத விஷயங்களுக்கு மட்டும் அந்த அறையைப் பயன்படுத்துங்கள். அதாவது, சொந்தத் துக்கத்தை உள்ளே பேசு, ஊருக்கான முடிவை வாசலில் வந்து பேசு.

2022ல் இன்னொன்று நடந்தது. அதுவரை தீர்மானங்களின் மேல் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பதைப் பேரோடு வெளியிடுவது அவர்கள் வழக்கம். 2021ல் ரிச்சர்ட் ஸ்டால்மேன் விவகாரத்தில் டெபியன் அறிக்கை விட வேண்டுமா என்று ஒரு காரசாரமான ஓட்டெடுப்பு. பேர் வெளியே வந்தால் எந்தப் பக்கத்துக்காரன் துரத்துவானோ என்று பயம் வந்துவிட்டது. மறு வருஷமே, ஓட்டு எண்ணிக்கை வெளியே, யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது உள்ளே என்று விதியை மாற்றிக்கொண்டார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் மனக்கசப்பு உண்டு. ஆயிரம் பேர்கூட ஓட்டுப் போடாத ஒரு குழுவில், முடிவெடுக்கிறவன் தன் பேரைச் சொல்லத் தயங்கலாமா என்று. ஆனால் பஞ்சாயத்துத் தேர்தலில் நம் ஓட்டும் ரகசியம்தானே என்று என் மனைவி கேட்டார். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

இங்கே நம்மூரிலும் ஒழுங்காகப் பூட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 2003லிருந்து நடக்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதம் நடக்கும் இடத்துக்குப் பெயரே ஆலமரத்தடி. யார் எந்தச் சொல்லைத் திருத்தினார் என்பதுவரை எவரும் பார்க்கலாம். ஆனால் ஒருவருடைய போன் நம்பரை யாராவது எழுதித் தொலைத்தால், பழைய பதிவிலிருந்தும் அதை மறைக்க விக்கிப்பீடியாவில் வழி இருக்கிறது. மரத்தடியில் பஞ்சாயத்து பேசலாம். அடுத்த வீட்டு அண்டாவைத் தூக்கிவந்து வைக்கக்கூடாது.

என் நண்பர் ஒருவர், தொழிற்சங்கக்காரர், இந்த இடத்தில் சண்டைக்கு வந்தார். "யோவ், பயனாளிப் பட்டியலே வெளிய வரக்கூடாதுன்னு சொல்லுவ போலிருக்கே? திருட்டுப் பேரை எப்படிக் கண்டுபிடிக்கறது?" நியாயமான கேள்வி. 1994 டிசம்பரில் ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் நடத்திய பொது விசாரணையில் அதைத்தான் செய்தார்கள். கூலி வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். பொய்க் கணக்குகள் வெளிச்சத்துக்கு வந்தன. தகவல் உரிமைச் சட்டத்துக்கு அந்த வகைக் கூட்டங்கள்தான் விதை.

ஆனால் அங்கே படித்தது என்ன? அரசாங்கம் தன் கையால் கொடுத்ததாக எழுதிவைத்த கணக்கு. இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தோம் என்பது கொடுத்தவனின் கணக்கு. அதை ஊர் பார்க்க வேண்டும். வாங்கியவளுக்கு எவ்வளவு கடன், போன் நம்பர் என்ன என்பது கொடுத்தவனின் கணக்கே இல்லை. அரிசி மூட்டை போன வழியைக் காட்டு. அரிசி வாங்கியவளின் அடுப்பங்கரையை எதற்குக் காட்டுகிறாய்?

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் நான் கோழை. இந்த மாற்றிப் பூட்டும் வித்தையில் டாக்டர் பட்டம் வாங்கியது அரசாங்கம்தான். சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி 2017 மே மாதம் ஓர் ஆய்வு வெளியிட்டது. நான்கு அரசு இணையதளங்களிலிருந்து மட்டும் சுமார் 13 கோடிப் பேரின் ஆதார் எண்கள் எவரும் பார்க்கும்படி கிடந்ததாக அது சொன்னது. கிடந்தவை யாருடையவை? வேலை உறுதித் திட்டத்தில் மண் வெட்டியவர்கள், முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள்.

அதே காலகட்டத்தில் இங்கே, மீஞ்சூருக்குப் பக்கத்தில், எண்ணூர் கழிமுகத்துக்கு அரசிடம் இரண்டு விதமான கடற்கரை வரைபடங்கள் இருந்த கதை வெளியே வந்தது. ஒன்றில் கழிமுகம் இருந்தது. இன்னொன்றில் அதன் பெரும் பகுதியைக் காணோம்! ஆறு ஓடுகிற இடத்தில் ஆறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டியிருந்தது.

அந்தச் சட்டத்தின் கதியையும் சொல்லிவிடுகிறேன். தனிநபர் தகவல் என்று ஓர் அதிகாரி மறுக்கலாம், ஆனால் பொது நலன் பெரிதாக இருந்தால் கொடுத்தாக வேண்டும் என்று அதன் எட்டாம் பிரிவின் ஓர் உட்பிரிவிலேயே எழுதியிருந்தது. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகத்தை வெட்டியது. 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்துவிட்டது. இனி 'தனிநபர் தகவல்' என்ற சொல்லே போதும். பொது நலனுக்கு வேறொரு உட்பிரிவு இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனுவை வாங்குகிற ஆபீசர் எந்த உட்பிரிவை முதலில் எடுப்பார் என்று தாலுகா ஆபீஸ் படியேறிய எவருக்கும் தெரியும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2017 ஆகஸ்டில் சொன்னது குடிமகனைக் காப்பாற்ற. இப்போது அதைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் ஆபீசர்கள்.

இதையெல்லாம் பசங்களிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒருத்தன் சொன்னான்: "சார், நாங்க வாலன்டியர்ஸ். கவர்மென்ட் மாதிரி எங்களைப் போய்..." குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. தூக்கமில்லாமல் உழைத்த பிள்ளை.

ஆனால் தம்பி, நம்மூர் அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டிக்கும் யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. திருவிழா முடிந்ததும் வரவு செலவு நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுக்கிறார்களா இல்லையா? பந்தலுக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று. சம்பளம் வாங்காததால் நீ யோக்கியன் என்று நான் நம்புகிறேன். அதற்காக எந்தக் குப்பத்துக்கு முதலில் பொருள் போச்சு, ஏன் போச்சு என்று கடைசியில் வாங்கிய குப்பத்துக்காரர் கேட்கக்கூடாதா? வேன் போகாத ஊர் எது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். காரணம்தான் தெரியாது. காரணம் ரோடு மோசமாக இருந்ததாகக்கூட இருக்கலாம். மினிட்ஸைத் திறந்தால் நீ தப்பித்தாய். மூடினால், சாதி பார்த்துக் கொடுத்தான் என்றுதான் ஏரிக்கரை பேசும். பேசியது.

கடன் கட்டத்தை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். என் வேண்டுகோளில் போன் நம்பரும் போனது. ஆனால் அந்த வியாபாரி பட்டியலை ஏற்கெனவே பிரின்ட் போட்டு வைத்திருந்தார். அக்கா மகளின் வளையலை அடகு வைத்து அவர் கணக்கை முடித்தார். இப்போது இரண்டாவது வியாபாரிக்குத்தான் இறால் போடுகிறார், அவர் சொல்கிற விலைக்கு. ஒருமுறை பஜாரில் என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, இப்ப யாரு கணக்க எழுதினு இருக்க?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

மினிட்ஸ் மட்டும் இன்னும் வரவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம்கூடக் கேட்டேன்.

"ஃபார்மேட் பண்ணிட்டு இருக்கோம் சார்."